தூத்துக்குடி மேசைக்கு ஒரு மடிக்கணினி: செயலியா, சேமிப்பகமா?

மடிக்கணினி வாங்கப் புறப்படுபவரின் முன்னால், ஏறத்தாழ ஒரே விலையில், செயலி ஒரு படி உயர்ந்த கருவி ஒன்றும் சேமிப்பகம் ஒரு படி விரைவான கருவி ஒன்றும் வைக்கப்படும்போது, எதை எடுப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் விடை எதிர்பார்க்கப்படுகிறது. அப்படியொரு விடை 2012ஆம் ஆண்டில் இருந்தது. அன்று அதைத் தயங்காமல் சொல்லிவிடவும் முடிந்தது. அந்த விடை இன்று பாதிக்கு மேல் பொருந்தாமற் போய்விட்டது. தூத்துக்குடி போன்ற ஊரில் சுங்க முகவர் அலுவலகத்துக்கு ஒரு விடையும் முத்துச்சிப்பியை ஆராயும் மாணவருக்கு வேறொரு விடையும் இருக்க, உப்புக்காற்றும் வெக்கையும் தம் பங்குக்கு இரண்டையும் திருத்திவிடுகின்றன.

கடைகளில் பிராசசர் என்று வழங்கும் செயலி, நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றும் சில்லு ஆகும். அதன் துடிப்பு கிகாஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது, 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 கோடித் துடிப்புகள் என்று பொருள். மின்சாரம் நின்ற பின்னும் கோப்புகளைக் காத்து வைக்கும் இடம் சேமிப்பகம். இவ்விரண்டுக்கும் நடுவே ரேம் என்னும் தற்காலிக நினைவகம் இருக்கிறது. சேமிப்பகத்திலிருந்து எடுக்கப்பட்டவை இங்கே வந்து தங்கிய பிறகே செயலி அவற்றைத் தொடுகிறது. ஆகவே செயலி எவ்வளவு விரைவானதாக இருந்தாலும், வேண்டிய தரவு ரேமுக்கு வந்து சேரும்வரை அது சும்மா இருக்க வேண்டியதுதான். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தின் அளவைப் பொறுத்தே பணத்தை எதில் போடுவது என்பது முடிவாகிறது.

ஹார்ட் டிஸ்க் என்னும் பழைய சேமிப்பகத்தில் அந்த நேரம் மிகப் பெரியதாக இருந்தது. காந்தப் பூச்சு கொண்ட வட்டத் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல, அதன்மேல் ஒரு நுண்கை நகர்ந்து நகர்ந்து தரவைப் படிக்கும் அமைப்பு அது. ஒரு முழுச் சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆவதால், வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிநொடி, பிடிக்கிறது. கை சரியான வளையத்துக்கு நகர்வதற்கு மேலும் 10 மில்லிநொடி அளவுக்கு ஆகிறது. மில்லிநொடி என்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம்; ஆனால் இந்த 15 மில்லிநொடியில் 3 கிகாஹெர்ட்ஸ் செயலி நாலரைக் கோடித் துடிப்புகளை வெறுமனே கழித்துவிடுகிறது. நொடிக்கு 100 எம்பி படிக்கும் என்று உறையில் அச்சிட்டிருக்கும் அதே ஹார்ட் டிஸ்க், ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் 4 கேபி துண்டுகளை எடுக்கச் சொன்னால் நொடிக்கு அறுபது எழுபது துண்டுகளுக்கு மேல் தர இயலாது. அது 300 கேபியைக்கூட எட்டாத வேகம். ஒரே பெரிய திரைப்படக் கோப்பைப் படி எடுப்பதற்கு உறையிலுள்ள எண் பொருந்தும். கணினியைத் தொடக்குவதோ, உலாவியைத் திறப்பதோ, டேலி என்னும் கணக்கு மென்பொருளில் ஒரு நிறுவனக் கணக்கை ஏற்றுவதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைச் சேகரிக்கும் வேலை என்பதால், அங்கே உண்மையில் கிடைப்பது இரண்டாவது வேகந்தான்.

தமிழ்நாட்டில் இதை ஒரு தலைமுறையே தன் கையால் அறிந்துகொண்டது. 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாநில அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கிய கருவிகள், திருச்செந்தூர்க் கரையோரச் சிற்றூர்களிலிருந்து வேம்பார் வரை, பல வீடுகளுக்கு வந்த முதற்கணினிகளாக இருந்தன. அவற்றில் இருந்தது ஹார்ட் டிஸ்க். நாலைந்து ஆண்டுகள் கழித்து, ‘கவர்மென்ட் லேப்டாப்’ ஆன் ஆவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று கேலி பேசும் நிலை வந்தபோது, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தவர்களுக்குக் காரணம் கண்ணெதிரே தெரிந்தது: ‘டிஸ்க்’ என்ற பத்தியில் 100 விழுக்காடு என்று நிறம் ஏறி நிற்க, பக்கத்திலேயே ‘சிபியு’ என்ற செயலிப் பத்தி பத்துக்கும் பதினைந்துக்கும் இடையே அசைந்துகொண்டிருந்தது. செயலி மெதுவானது என்று பழிக்கப்பட்ட கருவியில் செயலிக்கு வேலையே வந்து சேரவில்லை. அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் அதே அளவுள்ள எஸ்எஸ்டி ஒன்றைச் செருகிய பிறகு, அதே செயலியோடு அதே கருவி ஒரு நிமிடத்துக்கும் குறைவில் எழுந்து நின்றது. எஸ்எஸ்டி என்பது அசையும் உறுப்பு எதுவுமின்றி, மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைக்கும் ஃபிளாஷ் சில்லுகளால் ஆன சேமிப்பகம். தட்டும் இல்லை, கையும் இல்லை என்பதால் சிதறிய துண்டு ஒன்றை எடுக்க அதற்கு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஊர்தோறும் இருந்த சிறு சர்வீஸ் கடைகள் இந்த மாற்று வேலையைக் கொண்டே பல மாதங்கள் ஓட்டின என்றால் மிகையாகாது.

அரசும் இதை உணர்ந்தது என்பதற்கு, 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்த பின் எல்காட் கோரிய ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்கப்பட்டதே சான்று. கொள்ளளவில் மட்டும் பார்த்தால் இது பழைய ஹார்ட் டிஸ்க்குகளைவிடக் குறைவு. ஆயினும் முன்னேற்றம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

செயலியை விடச் சேமிப்பகமே முதன்மை என்ற பழைய விடை இங்கிருந்து பிறந்தது, பிறந்த காலத்தில் அது முற்றிலும் சரி. அது எப்போது சரியாக இராது என்பதை அறிய ஜீன் அம்தால் என்ற அமெரிக்கக் கணினிப் பொறியாளர் 1967இல் முன்வைத்த ஒரு கணக்கு உதவுகிறது. பல செயலிகளை இணைத்து வேலை வாங்குவதைப் பற்றி அவர் பேசியிருந்தாலும், ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு விரைவுபடுத்தினாலும் மீதிப் பகுதி அப்படியே எஞ்சி நின்று மொத்த ஆதாயத்துக்கு வரம்பு கட்டிவிடும் என்ற அதன் சாரம் எங்கும் செல்லும். ஒரு கணினி தொடங்குவதற்கு 60 நொடி ஆகிறது, அதில் 48 நொடி சேமிப்பகத்துக்கான காத்திருப்பு, 12 நொடி செயலியின் உழைப்பு என்று வைத்துக்கொண்டால், செயலியை இருமடங்கு விரைவாக்குவதால் மிச்சப்படுவது 6 நொடி. காத்திருப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் மொத்தம் 17 நொடிக்கு இறங்கிவிடுகிறது. இனி அந்த 17 நொடியிலிருந்து கணக்கை மறுபடி தொடங்க வேண்டும், பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். இப்போது காத்திருப்பு 5 நொடிக்கும் குறைவு. சேமிப்பகத்தை மீண்டும் இருமடங்காக்கினால் இரண்டரை நொடியை மிச்சம் பிடிக்கலாம், செயலியை இருமடங்காக்கினாலோ 6 நொடி. முதற்சுற்றில் தோற்ற செயலி இரண்டாம் சுற்றில் வென்றுவிடுகிறது.

துறைமுக நகரத்தாருக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகத்தில், கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கும் கரைக் கிரேன் எவ்வளவு வேகமாக இயங்கினாலும், கீழே டிரெய்லர் வந்து நிற்காவிட்டால் பெட்டி அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். டிரெய்லர்களைப் பெருக்கினால் நெரிசல் யார்டுக்கு நகர்கிறது, யார்டைச் சீர்செய்தால் வாயிலில் தாள் சரிபார்க்கும் இடத்துக்கு நகர்கிறது, அங்கிருந்து மதுரைச் சாலையில் வரிசையாக நிற்கும் சிஎப்எஸ் எனப்படும் கன்டெய்னர் சரக்குக் கிடங்குகளின் வாசலுக்கு நகர்கிறது. பெரிய தாய்க்கப்பல்கள் இங்கு வர இயலாத காலத்தில் தூத்துக்குடிச் சரக்கு சிறு கப்பல்களில் கொழும்பு சென்று, அங்கே காத்திருந்து, பெருங்கப்பலுக்கு மாறிச் சென்றது. இன்றும் கணிசமான பகுதி அப்படித்தான் செல்கிறது. கொழும்பில் நாட்கணக்கில் காத்திருக்கும் பெட்டிக்கு, தூத்துக்குடிக் கிரேன் நிமிடத்தில் மிச்சப்படுத்தியது எந்த வகையிலும் உதவுவதில்லை. 14 மீட்டருக்கு மேல் மிதவை ஆழமும் 300 மீட்டருக்கு மேல் தள நீளமும் கொண்ட புதிய கன்டெய்னர் முனையம் 2024 செப்டம்பர் 16 அன்று திறக்கப்பட்டபோது, கிரேனின் வேகத்தைவிட அந்த ஆழமே பெரிதாகப் பேசப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

எஸ்எஸ்டி வந்த பிறகும் அதில் எந்த எஸ்எஸ்டி என்ற கேள்வி கடையில் எழுகிறது, விற்பனையாளர் காட்டும் எண்கள் அங்கே மிகவும் கவர்ச்சியானவை. சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்குக்காக ஏற்பட்ட பழைய இணைப்பு முறை. அதில் வரும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பியைத் தாண்டாது. என்விஎம்இ என்பது ஃபிளாஷ் சில்லுக்கென்றே வகுக்கப்பட்டு, பிசிஐஇ என்னும் அகன்ற தடத்தின் வழியாகச் செயலியோடு நேரே பேசும் முறை. அத்தடத்தின் மூன்றாம் தலைமுறைச் சில்லு 3500 எம்பியையும் நான்காம் தலைமுறை 7000 எம்பியையும் எட்டுகின்றன. 550க்கும் 7000க்கும் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பதால் கணினியும் பன்னிரண்டு மடங்கு விரையும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த எண்கள், ஹார்ட் டிஸ்க்கின் உறையில் இருந்த எண்ணைப் போலவே, ஒரே பெரிய கோப்பை நேர்கோட்டில் படிக்கும்போது கிடைப்பவை. சிறு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் அன்றாட வேலையில் சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 30, 40 எம்பி தரும்போது நல்ல என்விஎம்இ அதைப்போல் இருமடங்கு அளவில்தான் தருகிறது. ஏற்கெனவே சிறுத்துவிட்ட காத்திருப்பை மேலும் பாதியாக்குவது அது. கணக்கில் அது தெரியும், கைக்குத் தெரியாது. மூன்றாம் தலைமுறைக்கும் நான்காம் தலைமுறைக்கும் இடையிலோ, வேர்டு கோப்பைத் திறக்கும் கைக்கு எந்த வேறுபாடும் எட்டாது. ஒன்றே ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: மலிவுக் கருவிகளில் எஸ்எஸ்டியின் இடத்தில் இஎம்எம்சி என்னும், கைப்பேசிகளுக்கென உருவான மெதுவான சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அதுவும் ஃபிளாஷ்தான், அதற்கும் தட்டு கிடையாது, ஆனால் அதை எஸ்எஸ்டி என்று எண்ணி வாங்கினால் பழைய அரசு மடிக்கணினியின் பொறுமைப் பயிற்சி மீண்டும் தொடங்கிவிடும்.

இனி, தூத்துக்குடியில் உண்மையாகவே மடிக்கணினி உழைக்கும் ஒரு மேசையைப் பார்க்கலாம். சுங்க முகவர் அலுவலகத்தில், ஏற்றுமதியாளர் மின்னஞ்சலில் அனுப்பிய இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் எக்செலில் திறந்திருக்க, அதிலுள்ள எடையும் மதிப்பும் பண்டக்குறியீடும் ஷிப்பிங் பில் என்னும் ஏற்றுமதி ஆவணத்துக்கான மென்பொருளுக்கு மாற்றப்பட்டு, யுஎஸ்பி துளையில் செருகிய டிஜிட்டல் கையொப்ப டோக்கனால் ஒப்பமிடப்பட்டு, ஐஸ்கேட் என்னும் சுங்கத்துறை இணையவாயிலில் பதிவேறுகின்றன. அதே திரையில் கப்பல் நிறுவனத்தின் முன்பதிவுப் பக்கம், முனையத்தின் பெட்டித் தேடல் பக்கம், வங்கிப் பக்கம், கைப்பேசிச் செய்திகளுக்கான வாட்ஸ்அப் பக்கம் என உலாவியில் இருபது தாவல்கள் திறந்து கிடக்கின்றன. பின்னணியில் டேலி ஓடுகிறது. இந்த வேலையில் செயலி கடுமையாக உழைக்கும் தருணம் மிக அரிது. பில் ஏறவில்லை என்று ஊழியர் சலித்துக்கொள்ளும் பத்து நிமிடம், தொலைவிலுள்ள சர்வரும் இணைய இணைப்பும் எடுத்துக்கொள்ளும் நேரமாகவே பெரும்பாலும் இருப்பதால், ஐ3 செயலிக்கு மாறாக ஐ7 வாங்கினாலும், 550 எம்பி எஸ்எஸ்டிக்கு மாறாக 7000 எம்பி எஸ்எஸ்டி வாங்கினாலும் அது ஒரு நொடியும் குறையாது. கட்-ஆஃப் நேரம், அதாவது கப்பலுக்குப் பெட்டியை ஒப்படைக்க வேண்டிய கடைசி வேளை, நெருங்கும் மாலைகளில் கணினிமேல் எழும் கோபம் பெரும்பாலும் கணினிக்கு உரியதன்று.

இம்மேசையில் கணினியின் பங்காக உள்ள தாமதத்துக்கும் காரணம் செயலியோ சேமிப்பகமோ அல்ல, ரேம். இருபது தாவல்களும் டேலியும் எக்செலும் 4 ஜிபிக்குள் அடங்காதபோது, இயங்குதளம் சற்று நேரம் தொடாத பகுதிகளைச் சேமிப்பகத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, மறுபடி கேட்கும்போது திரும்ப எடுத்து வருகிறது. இதற்கு ஸ்வாப் என்று பெயர். ஒதுக்கும் இடம் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கருவி உறைந்து நிற்கும், எஸ்எஸ்டியாக இருந்தால் லேசாகத் தடுமாறும். எஸ்எஸ்டி மாற்றியதும் கணினி பறக்கிறது என்று சொல்பவர்களில் சிலர் உண்மையில் அனுபவிப்பது, ரேம் பற்றாக்குறையின் வலி மரத்துப்போன நிலையைத்தான். செயலியா சேமிப்பகமா என்று கேட்டு வருபவர்களில் பாதிப்பேருக்குச் சொல்ல வேண்டிய விடை 8 ஜிபியை 16 ஆக்குங்கள் என்பதாகவே இருக்கும். 2025ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியிருப்பதால், இந்த அறிவுரை முன்னைப்போல் மலிவானதாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே ஊரின் இன்னொரு மேசையில் கணக்கு அடியோடு மாறுகிறது. மன்னார் வளைகுடாவில் ‘பார்’ எனப்படும் சிப்பிப் படுகைகளில் நடந்துவந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதன் பிறகு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் கே. அழகர்சுவாமியின் முயற்சியால் 1973இல் வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டு, முத்தின் கதை படகிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்த ஆய்வு இன்று மரபணு வரை சென்றுவிட்டது. இங்கே வளரும் முத்துச்சிப்பியும் ஜப்பானிய அகோயா சிப்பியும் அடங்கிய பிங்க்டாடா ஃபுகாட்டா என்னும் இனத்தின் மரபணுத்தொகுதி வரைவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டபோது, அது நூறு கோடிக்கு மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகளைக் கொண்ட தொடர் என்று தெரியவந்தது. வரிசைப்படுத்தும் எந்திரமோ அத்தொடரை முழுமையாகத் தருவதில்லை. நூற்று ஐம்பது எழுத்து கொண்ட துணுக்குகளாகக் கோடிக்கணக்கில் தருகிறது. அவற்றில் ஒவ்வொன்றும் மூலத்தொடரில் எங்கே பொருந்துகிறது என்று தேடும் வேலை முழுக்க முழுக்கச் செயலியின் வேலை, அதுவும் பல கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கத் தோதான வேலை. கோர் என்பது செயலிக்குள் தனித்தனியே இயங்கும் கணிப்புக் கூறு. எட்டு கோர் உள்ள சில்லு நான்கு கோர் உள்ளதைவிட ஏறத்தாழப் பாதி நேரத்தில் இதை முடிக்கும். கோப்பைப் படிப்பதாவது சேமிப்பகத்தின் பொறுப்பாயிற்றே என்று கேட்டால், துணுக்குக் கோப்புகள் இடம் கருதிச் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதால், படித்ததை விரித்துக் கொடுப்பதும் செயலியின் தலையில்தான் விழுகிறது; விரிக்கும் வேகம் 550 எம்பியைவிடக் குறைவாக இருக்கும்போது 7000 எம்பி தரும் சில்லு தன் பெரும்பகுதி நேரத்தைச் சும்மா கழிக்கிறது. ஹார்ட் டிஸ்க் காலத்தில் செயலி காத்திருந்தது. இங்கே சேமிப்பகம் காத்திருக்கிறது. முழு மரபணுத்தொகுதியைப் புதிதாகக் கோப்பதெல்லாம் மடிக்கணினியின் எல்லைக்கு வெளியே, பெருங்கணினிக்கு உரிய பணி. ஆயினும் சோதனை ஓட்டங்களும் ஒரு சில மரபணுக்களை மட்டும் தேடும் ஆய்வுகளும் மாணவரின் கருவியிலேயே நடக்கின்றன, அவருக்குச் செயலியும் ரேமுமே முதலீடு.

பவளப்பாறைகளை நீருக்கடியில் படம்பிடித்து வரும் ஆய்வாளர்களின் தேவை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூழ்கி எடுத்த காணொளி பல பத்து ஜிபி இருக்கும் என்பதால் சேமிப்பகத்தின் கொள்ளளவு அவர்களுக்கு முக்கியம், வேகம் அவ்வளவு முக்கியமன்று. ஏனெனில் யுஎச்எஸ்-1 வகை கேமரா அட்டை நொடிக்கு 104 எம்பிக்கு மேல் கொடுக்க முடியாத நிலையில், அதைப் பெற்றுக்கொள்ளும் சில்லின் வேகம் 550 ஆனாலும் 7000 ஆனாலும் படி எடுக்கும் நேரம் ஒன்றுதான். கூடுதல் பணம் செலவழிப்பதானால் அதை 512 ஜிபியிலிருந்து 1 டிபிக்கு நகர்வதில் செலவழிக்கலாம்.

செயலிக்கு முன்னுரிமை என்று முடிவு செய்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது, அது பெயர்களில் இருக்கிறது. இன்டெல் செயலிகளின் ஐ3, ஐ5, ஐ7 என்ற ஏறுவரிசை ஒரே ஆண்டில் வந்த ஒரே வகைச் சில்லுகளுக்குள் மட்டுமே பொருளுடையது. 2016இல் வந்த கோர் ஐ7-7500யு இரண்டே கோர் கொண்டது. அடுத்த ஆண்டே வந்த ஐ5-8250யு நான்கு கோர் கொண்டது. 2022இல் வந்த ஐ3-1215யு பெரியதும் சிறியதுமாக ஆறு கோர் கொண்டது. பழைய ஐ7 ஒட்டியிருக்கும் செகண்ட் ஹேண்ட் கருவியைப் பெருமையோடு வாங்குபவர், அதே பணத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய புதிய ஐ3ஐ இழந்துவிடுகிறார். மற்றொரு செயலி நிறுவனமான ஏஎம்டியின் பெயர்கள் இன்னும் சூழ்ச்சியானவை: ரைசன் 5 7520யு என்பதில் 7 என்னும் முதல் எண் 2023ஆம் ஆண்டு வரிசை என்று அறிவிக்க, உள்ளே இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, அதைச் சொல்லும் குறி மூன்றாவது எண்ணான 2இல் ஒளிந்துகொண்டிருக்கிறது. சேமிப்பகத்தின் எண் பெரிதாகத் தோன்றிப் பயன் சிறிதாக இருக்கிறது என்றால், செயலியின் பெயர் உள்ளேயிருக்கும் பொருளையே மறைத்துவிடுகிறது. இரண்டில் எது பெரிய குற்றம் என்று கேட்டால், இரண்டாவதே என்று சொல்லத் தோன்றுகிறது.

ஊரின் தட்பவெப்பமும் இக்கணக்கில் சேர வேண்டும். செயலியின் உச்சத் துடிப்பு என்று விளம்பரத்தில் வருவது, அது போதிய குளிர்ச்சியோடு இருக்கும் சில நிமிடங்களுக்கானது. சூடு ஏறியதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. குளிர்சாதனம் இல்லாத அறையில் மே மாதத்துப் பிற்பகலில், மெல்லிய உடலுக்குள் அடைபட்ட உயர்ரகச் செயலி, காற்றோட்டம் நன்கமைந்த கனத்த உடலிலுள்ள நடுத்தரச் செயலியிடம் தோற்பது அரிதன்று. நான்காம் தலைமுறை என்விஎம்இ சில்லும் இதே வெப்பத்தில் இதே போல் வேகத்தைத் தணித்துக்கொள்ளும். கடற்காற்றோ வேறு வகையில் தாக்குகிறது: ஹார்ட் டிஸ்க்கின் உறையில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வடிகட்டியோடு ஒரு நுண்துளை உண்டு, எஸ்எஸ்டிக்கு அது தேவையே இல்லை, ஆனால் யுஎஸ்பி துளைகளிலும் விசிறியின் அச்சிலும் வெளிப்பட்டு நிற்கும் உலோக முனைகளிலும் உப்பும் ஈரமும் படிந்து துரு ஏறுவதை எந்தச் சில்லும் தடுக்காது. அதிரும் லாரியிலோ சரக்குக் கப்பலின் தளத்திலோ கருவியைத் திறந்து வேலை செய்பவர்களுக்கு, சுழலும் தட்டு இல்லை என்பது வேகத்தைவிடப் பெரிய நன்மை.

எல்லாவற்றையும் விட, பின்னாளில் மாற்ற முடிவது எது, முடியாதது எது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். இன்று விற்கும் மடிக்கணினிகளில் செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. வாங்கிய நாளில் உள்ளது கடைசி வரை உள்ளது. ரேம் சிலவற்றில் செருகப்பட்டும் சிலவற்றில் பற்றவைக்கப்பட்டும் இருக்கிறது. சேமிப்பகம் மட்டும், இஎம்எம்சியும் ஒரு சில நிறுவனங்களின் கருவிகளும் நீங்கலாக, எம்.2 என்னும் செருகுமிடத்தில் ஒற்றைத் திருகால் பிடிக்கப்பட்டு, எந்த சர்வீஸ் கடையிலும் அரைமணி நேரத்தில் மாறக்கூடியதாக இருக்கிறது. ஆதலால் இரண்டு கருவிகளிலும் என்விஎம்இயோ சாட்டாவோ ஏதோ ஒரு நேர்மையான எஸ்எஸ்டி இருக்குமானால், பணம் செயலிக்கும் ரேமுக்கும் போவதே முறை. ஒன்றில் ஹார்ட் டிஸ்க்கோ இஎம்எம்சியோ இருக்குமானால், மற்றொன்றின் செயலி இரண்டு படி தாழ்ந்திருந்தாலும் அதையே எடுக்கலாம்.

பழைய கருவிக்கு எஸ்எஸ்டி போட்டு உயிர்கொடுத்த வீடுகளுக்கு 2025 அக்டோபர் 14க்குப் பிறகு புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. அன்றோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெல் தரப்பில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் வேண்டும். 2011, 2012ஆம் ஆண்டுகளில் வழங்கப்பட்ட அரசு மடிக்கணினி எவ்வளவு விரைவான எஸ்எஸ்டியைச் சுமந்தாலும் இந்த வாசலில் நிறுத்தப்பட்டுவிடும், நிறுத்துவது அதன் செயலியின் வயது. அக்கருவிகளில் விண்டோஸோடு சேர்த்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. பெரும்பாலான மாணவர்கள் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடியதோடு சரி. பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கும் மின்கட்டணம் செலுத்துவதற்கும் கருவி போதுமென்றால், அந்த லினக்ஸின் புதிய பதிப்பையோ வேறொன்றையோ எஸ்எஸ்டியில் ஏற்றிக்கொள்வது இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். டேலியும் ஷிப்பிங் பில் மென்பொருளும் விண்டோஸை நம்பியே இருக்கும் அலுவலகத்துக்கு அந்த வழி இல்லை. அங்கே புதிய செயலியோடு புதிய கருவி வாங்குவதைத் தவிர வேறில்லை, பழையதிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டியை ஓர் உறைக்குள் போட்டு யுஎஸ்பி வழியாக ஆண்டுக் கணக்குகளின் நகலைச் சேமிக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.